முதல் பெயர் யாருக்கு?

1948 ஏப்ரல் முதல் தேதி, ‘ஃபிசிகல் ரிவ்யூ’ என்ற அமெரிக்க இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியானது. பேரண்டம் பிறந்தபோது இருந்த கொதிப்பில் தனிமங்கள் எப்படி உருவாகியிருக்கும் என்று அது சொன்னது. கணக்குப் போட்டவர் ரால்ஃப் ஆல்ஃபர், 27 வயது ஆராய்ச்சி மாணவர். அவருடைய கைடு ஜார்ஜ் கேமோ. இயற்பியலில் பெரிய பெயர், கூடவே விளையாட்டுப் புத்திக்காரர். ஆல்ஃபர், கேமோ என்று இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பார்த்தவருக்கு நடுவில் ஒரு ‘பீட்டா’ குறைவதாகத் தோன்றியது. நண்பர் ஹான்ஸ் பெத்தேயின் பெயரை நடுவில் செருகினார். ஆல்ஃபர், பெத்தே, கேமோ: கிரேக்க அரிச்சுவடியின் ஆல்ஃபா, பீட்டா, காமா. அந்த ஆய்வில் பெத்தேவுக்குப் பங்கே கிடையாது.

உலகம் சிரித்தது. ஆல்ஃபருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்கெனவே புகழ்பெற்ற கைடின் நிழலில் இருக்கும் மாணவர் அவர். இப்போது இன்னொரு மலையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் பயந்தபடியே ஆயிற்று. பெயர் முதலில் இருந்தும், பெரியவர்கள் இருவர் செய்த வேலையில் யாரோ ஒரு பையன் ஒட்டிக்கொண்டான் என்றே பலரும் நினைத்தார்கள். அதே ஆண்டில் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் சேர்ந்து, அந்த ஆதிச் சூட்டின் மிச்சம் இன்றும் விண்வெளியில் சுமார் 5 கெல்வின் அளவில் இருக்கும் என்று கணித்தார்கள். (ஹெர்மனையும் பெயரை ‘டெல்டர்’ என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார் கேமோ, டெல்டா வரவேண்டுமாம். ஹெர்மன் மறுத்துவிட்டார்.) 1965-ல் அந்த மிச்சச் சூட்டை ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். 1978-ல் நோபல் பரிசு அவர்களுக்குப் போனது. கணித்தவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. ஆல்ஃபருக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் 2007 ஜூலையில் கைக்கு வந்தது. கை என்றால் மகனின் கை. உடல்நலமில்லாத தந்தைக்காக மகன் போய் வாங்கினார். அடுத்த மாதம் ஆல்ஃபர் இறந்துபோனார்.

ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே வருகிற பெயர் வரிசையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆல்ஃபர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். முதல் இடம் கிடைத்தும் தோற்றவர் அவர். கிடைக்காதவர்களின் கதை தனி. வெளியில் இருப்பவர்களுக்கு இது அற்பச் சண்டை. வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி, வெளிநாட்டு வாய்ப்பு எல்லாம் அந்த ஒரு வரியைப் பார்த்து முடிவாகும்போது அற்பம் என்று தள்ள முடியாது.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: ‘மத்தேயு விளைவு’. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்கிற பைபிள் கருத்திலிருந்து எடுத்தது. இருவர் சேர்ந்து செய்த வேலையில் ஏற்கெனவே புகழ் பெற்றவருக்கே பாராட்டு போய்ச் சேரும் என்றார். அந்தக் கட்டுரையில் இருந்தது மெர்ட்டனின் பெயர் மட்டும். அதற்கு அடித்தளமே ஹாரியட் சக்கர்மன் என்ற இளம் ஆய்வாளர் நோபல் விஞ்ஞானிகளைச் சந்தித்து எடுத்த பேட்டிகள். இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டிய கட்டுரை அது என்று மெர்ட்டனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். தன் கொள்கைக்குத் தானே சான்றாகிப்போனார் மனிதர்.

நம் ஊர்ப் பக்கமும் பார்க்கலாம். 1928 மார்ச் மாதம் ‘நேச்சர்’ இதழில் புது வகை ஒளிச்சிதறலை அறிவித்த குறிப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன: சி.வி.ராமன், கே.எஸ்.கிருஷ்ணன். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர். 1930-ல் நோபல் ராமனுக்கு மட்டும் கிடைத்தது. விளைவின் பெயரும் ராமன் விளைவு. ஒளிச்சிதறலை ராமன் பல ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருந்தார். அவருடைய பங்கைக் குறைத்துப் பேச வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிருஷ்ணனைத் தெரியும்? 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து போன கட்டுரையில் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்று மூன்று பெயர்கள். புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க உலகமே இன்றும் பயன்படுத்தும் அந்த வரைபடம் ‘ராமச்சந்திரன் பிளாட்’. மூத்தவரும் அவரே, ஆங்கில அகரவரிசையில் முன்னால் வருபவரும் அவரே. எந்தக் கணக்கில் முதலில் வந்தார் என்று வெளியிலிருந்து பார்ப்பவரால் சொல்ல முடியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டைட்டில் கார்டு

தமிழ்ப் படத்தின் டைட்டில் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹீரோ. எல்லோர் பெயரும் ஓடி முடிந்தபிறகு கடைசியாக ‘எழுத்து, இயக்கம்’. உயிரியலிலும் மருத்துவத்திலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு. ராத்திரி பகலாக ஆய்வகத்தில் கிடந்த மாணவரோ இளம் விஞ்ஞானியோ முதலில். ஆய்வகத்தின் தலைவர், அதாவது நிதி கொண்டுவந்து யோசனை சொன்னவர், கடைசியில். நடுவில் வருகிறவர்கள் துணை நடிகர்கள். மூன்றாவது பெயருக்கும் நான்காவது பெயருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எழுதியவர்களே தடுமாறுவார்கள்.

கணிதத்தில் கதை வேறு. அங்கே அகரவரிசைதான். 1918-ல் எண்களின் பிரிவினை பற்றி ஹார்டியும் ராமானுஜனும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஹார்டி முன்னால் வருகிறார். பேராசிரியர் என்பதாலோ வெள்ளைக்காரர் என்பதாலோ என்று கோபப்பட வேண்டாம். கணிதக்காரர்களின் வழக்கப்படி பார்த்தாலும் ‘ஹெச்’ எழுத்து ‘ஆர்’ எழுத்துக்கு முன்னால்தான் வரும்.

துகள் இயற்பியலில் வரிசை என்ற பேச்சே கேலிக்கூத்து. ஹிக்ஸ் போசானின் நிறையைத் துல்லியமாகச் சொல்லி 2015-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தின் இரண்டு குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம். அதில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும். அந்தப் பட்டியலின் தலையில் ஜார்ஜ் ஆட். ஆங்கிலத்தில் இரண்டு ‘ஏ’ போட்டுத் தொடங்கும் குடும்பப் பெயர் அவருடையது. நம் ஊரில் டெலிபோன் டைரக்டரி காலத்தில் கடைக்குப் பெயர் வைக்கிறவர்கள் தேடித் தேடி வைத்த பெயரைப் போல.

வழக்கத்துக்கு அடங்காதவர்களும் உண்டு. 1974-ல் பூச்சி ஒட்டுண்ணிகளைப் பற்றி எழுதிய ஹாஸலும் மேயும் யார் பெயர் முதலில் என்பதை 25 ஆட்டங்கள் கொண்ட குரோக்கே தொடரில் தீர்மானித்ததாகக் கட்டுரையிலேயே குறிப்பு போட்டார்கள். 1975-ல் ஜாக் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தன் கட்டுரை முழுக்க ‘நாங்கள்’ என்று எழுதிவிட்டார். தனி ஆசிரியர் அப்படி எழுதினால் இதழ் ஏற்காது என்றார்கள். டைப்ரைட்டரில் எல்லாவற்றையும் மறுபடி அடிக்கச் சோம்பல்பட்டு, தான் வளர்த்த பூனைக்கு எஃப்.டி.சி.வில்லர்ட் என்று பெயர் சூட்டி இரண்டாம் ஆசிரியராகச் சேர்த்தார். அதுவும் அச்சானது.

‘ஏ’ வரிசைக்காரர்களின் அதிர்ஷ்டம்

அகரவரிசைதான் நியாயமானது என்று தோன்றலாம். சண்டை இல்லை, சிபாரிசு இல்லை, பெரியவர் சின்னவர் இல்லை. அப்படி நம்பியவர்கள் பொருளாதார அறிஞர்கள். ஆனால் மேற்கோள் காட்டும் பழக்கம் ஒன்று நடுவில் புகுந்துவிடுகிறது. மூன்று பேர் எழுதினால் முதல் பெயரை மட்டும் எழுதி, மற்றவர்களை ‘எட் அல்’ என்ற லத்தீன் சுருக்கத்துக்குள் தள்ளிவிடுவார்கள். ‘மற்றும் பலர்’ என்று அர்த்தம்.

2004-ல் மரியான் பெர்ட்ரண்ட், எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. கொள்கை மாற்றங்களின் விளைவை அளக்கப் பயன்படும் கணக்கு முறையில் இருந்த பெரிய ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. உலகம் முழுக்க அது ‘பெர்ட்ரண்ட் மற்றும் பலர்’. அந்தப் பலரில் ஒருவரான டுஃப்லோ 2019-ல் நோபல் பரிசு வாங்கினார். இன்னொருவர் தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன முல்லைநாதன். அதே ஆண்டில் பெர்ட்ரண்டும் அவரும் எழுதிய இன்னொரு கட்டுரை, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெயர் என்ன பாடுபடுத்தும் என்பதைப் பற்றியது. வெள்ளையர் பெயர் போலத் தெரிந்த விண்ணப்பங்களுக்கே அழைப்பு அதிகம் வந்தது என்று காட்டினார்கள். அதை எழுதியவர்களும் ஒரு பெயர்ப் பட்டியலில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

இந்த அகரவரிசை ஒருவருடைய வேலையைப் பாதிக்குமா? லிரான் ஐனாவ், லீயாட் யாரிவ் இருவரும் 2006-ல் அளந்து பார்த்தார்கள். (பெயர்களைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஈ’, இன்னொருவர் ‘ஒய்’.) அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளில் நிரந்தரப் பதவி கிடைப்பதும், எகனாமெட்ரிக் சொசைட்டியின் ஃபெல்லோ ஆவதும், குடும்பப் பெயரின் முதல் எழுத்து அகரவரிசையில் முன்னால் இருப்பவர்களுக்குச் சாதகமாக இருந்தன. நோபல் பரிசு, கிளார்க் பதக்கம் இவற்றிலும் ஓரளவு அந்தச் சாய்வு தெரிந்தது. பிறந்த நாடு, இனம், மதம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தாலும் அது போகவில்லை. ஒருவேளை ‘ஏ’யில் தொடங்குகிறவர்கள் பிறவியிலேயே கெட்டிக்காரர்களோ? அதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது. பங்களிப்பின்படி பெயர் போடும் உளவியல் துறையில் இந்தச் சாய்வே இல்லை.

ஆட்டம் புரிந்தவர்கள் அதற்கேற்ப ஆடவும் செய்தார்கள். மூன்று பேருக்கு மேல் சேர்ந்து எழுதும் கட்டுரைகளில் முன் எழுத்துக்காரர்களே அதிகம் தென்பட்டார்கள். பின் எழுத்துக்காரர்கள் அகரவரிசையை மீறிய கட்டுரைகளில் கூடுதலாக இருந்தார்கள். நம் பெயர்களை எண்ணிப் பாருங்கள். ராம, சுப்பிர, வெங்கட என்று தொடங்குகிற பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் எங்கே வந்து நிற்கும்? அருணாசலங்களும் ஆனந்தன்களும் கொடுத்துவைத்தவர்கள்.

பெண்களுக்கு இதில் இன்னொரு அடி. ஹீதர் சார்சன்ஸ் என்ற பொருளாதார அறிஞர், நிரந்தரப் பதவி கிடைத்த, கிடைக்காத பேராசிரியர்களின் கட்டுரைப் பட்டியல்களை ஆராய்ந்தார். ஆண் தனியாக எழுதினாலும் கூட்டாக எழுதினாலும் பதவிக்கு ஏறத்தாழ ஒரே பலன். பெண் தனியாக எழுதினால் அதே பலன். கூட்டாக எழுதினால், குறிப்பாக ஆண்களோடு எழுதினால், பலன் சரிந்தது. அகரவரிசையில் யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரியாது. தெரியாத இடத்தை முன்முடிவு நிரப்பிவிடுகிறது: வேலை அவர் செய்திருப்பார், இந்தம்மா கூட இருந்திருப்பார். பங்களிப்பின்படி பெயர் போடும் சமூகவியல் துறையில் இந்த வித்தியாசம் தென்படவில்லை. கட்டுரையின் முதல் வடிவத்தை வேண்டுமென்றே தனியாக எழுதியதாகச் சார்சன்ஸ் அடிக்குறிப்பு போட்டிருந்தார். அந்த அடிக்குறிப்பின் காரத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

2018-ல் தேப்ராஜ் ரே, ஆர்தர் ராப்சன் இருவரும் ஒரு தீர்வு சொன்னார்கள். நாணயம் சுண்டிப் பெயர் வரிசையை முடிவு செய்யுங்கள், பெயர்களுக்கு நடுவில் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் போட்டு, சுண்டிப் போட்ட வரிசை இது என்று ஊருக்குச் சொல்லுங்கள் என்றார்கள். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் அந்தக் குறியை ஏற்றுக்கொண்டது. எனக்கு இது பிடித்திருக்கிறது. ‘மற்றும் பலர்’ ஆகும் துரதிர்ஷ்டமாவது எல்லோருக்கும் சமமாகப் பிரியும்.

70க்கு 30

இந்தியாவில் இந்த வரிக்கு மார்க் உண்டு, அரசு ஆணையோடு.

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட விதிமுறையை எடுத்துக்கொள்வோம். அறிவியல் பிரிவில் ஒரு கட்டுரைக்கு 8 புள்ளி. இதழின் தரத்துக்கான கூடுதல் புள்ளிகள் தனி. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவிகிதம், அதாவது 5.6. இரண்டு பேருக்கு மேல் போனால் முதல், முதன்மை அல்லது தொடர்புக்குரிய ஆசிரியருக்கு 70 சதவிகிதம். மற்ற ஒவ்வொருவருக்கும் 30, அதாவது 2.4.

ஒரு நிமிஷம் இந்தக் கணக்கோடு உட்காருங்கள். இருவர் எழுதிய கட்டுரையில் மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்த்தால் முதல் பெயருக்கு நயா பைசா நஷ்டமில்லை, அதே 5.6. இரண்டாமவருக்கு 5.6 என்பது 2.4 ஆகச் சரிகிறது. அதாவது துறைத்தலைவரின் பெயரைச் சேர்க்கலாமா என்ற முடிவை எடுப்பவருக்குச் செலவு இல்லை. செலவு பக்கத்தில் இருப்பவருக்கு. மூன்று பெயர் வந்தபிறகு நான்காவது, ஐந்தாவது, ஆறாவது பெயர்களைச் சேர்த்தாலும் யாருக்கும் எதுவும் குறையாது. ஆறு பேர் எழுதிய ஒரு கட்டுரை, ஒரு ஆள் தனியாக எழுதியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் புள்ளிகளை உற்பத்தி செய்யும். “சார் பேரையும் போட்டுடலாம்பா, என்ன ஆயிடப் போகுது” என்ற குரல் ஆராய்ச்சிக் கூடங்களில் ஏன் இவ்வளவு இயல்பாகக் கேட்கிறது என்பதற்கு மனித சுபாவத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. விதிமுறையைப் படித்தால் போதும்.

அந்த ‘அல்லது’ இன்னொரு கூத்து. பெரும்பாலான ஆய்வகங்களில் மாணவர் முதல் ஆசிரியர், கைடு தொடர்புக்குரிய ஆசிரியர், அதாவது இதழோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்கிறவர். இருவரும் 70 கேட்டால் யாருக்குக் கொடுப்பது?

மருத்துவக் கல்லூரிகளில் நிலைமை இன்னும் நெருக்கடி. இந்திய மருத்துவக் கவுன்சில் 2015-ல், ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரையின் முதல் இரண்டு பெயர்களுக்கு மட்டுமே மதிப்பு என்றது. 2017-ல் முதல் ஆசிரியர், தொடர்புக்குரிய ஆசிரியர் என்று மாற்றியது. 2020-ல் முதல் மூன்று பெயர்களும் தொடர்புக்குரிய ஆசிரியரும் என்று தளர்த்தியது. ஐந்து ஆண்டுகளில் மூன்று விதி. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். ‘இந்தப் பேப்பர்ல நீங்க முதல், அடுத்ததுல நான்’ என்ற ஒப்பந்தத்துக்கு இதைவிட நல்ல உரம் கிடையாது. நஷ்டப்பட்டவர்கள் யார்? பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து நடத்தும் ஆய்வில் உண்மையாக உழைத்துவிட்டுப் பன்னிரண்டாவது பெயராக நின்றவர். புள்ளியியல் கணக்கு போட்டுக் கொடுத்தவர். நோயாளியின் ரத்த மாதிரியைப் பார்த்து முடிவு சொன்ன நோய்க்குறியியல் நிபுணர். அரைகுறை இதழில் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து எழுதிய சின்னக் கட்டுரை அவர்களை முந்திவிட்டது.

தீர்வு தெரியாமல் இல்லை. சினிமாவைப் போல யார் என்ன செய்தார்கள் என்று எழுதிவிடலாமே என்று மருத்துவ இதழாசிரியர் டிரம்மண்ட் ரென்னியும் சகாக்களும் 1997-லேயே கேட்டார்கள். இன்று ‘கிரெடிட்’ என்ற பெயரில் 14 வகைப் பங்களிப்புகள் கொண்ட பட்டியல் இருக்கிறது: யோசனை, தரவு சேகரிப்பு, மென்பொருள், நிதி, முதல் வரைவு என்று. பல இதழ்கள் அதைக் கேட்டு வாங்கிக் கட்டுரையின் கடைசியில் சின்ன எழுத்தில் போடுகின்றன. தேர்வுக் குழு அதை மதிப்பிட வேண்டும் என்று விதிமுறை சொல்லாதவரை அது பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம்தான். இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள்.

அப்பாவின் பெயரில் மகனின் ஆய்வு

வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதற்கு முன்னால், எந்தப் பெயரில் நிற்கிறோம் என்ற கேள்வியும் தமிழர்களுக்கு உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், பின்னால் நம் பெயர். மேற்கத்திய ஏட்டில் கடைசிப் பெயர்தான் பெயர். இந்த இரண்டும் மோதும்போது யார் பெயர் நிலைக்கும் என்பது விண்ணப்பத்தை நிரப்பிய நாளின் தலைவிதி. இரண்டு நோபல் விஞ்ஞானிகளைப் பாருங்கள். சுப்பிரமணியன் சந்திரசேகர்: அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். அதனால் விண்மீன்களின் ‘சந்திரசேகர் எல்லை’ அவருடைய சொந்தப் பெயரில் நிற்கிறது. சிதம்பரத்தில் பிறந்து 2009-ல் வேதியியல் நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு நேர் தலைகீழ். ராமகிருஷ்ணன் என்பது அப்பாவின் பெயர். ரைபோசோம் பற்றிய கட்டுரைகளெல்லாம் ‘ராமகிருஷ்ணன், வி.’ என்றே பதிவாகியிருக்கின்றன. தந்தையும் உயிர்வேதியியலாளர் என்பதால் அவர் சந்தோஷப்பட்டிருக்கவும் கூடும்.

எல்லோருக்கும் இது சந்தோஷமாக முடிவதில்லை. முதல் கட்டுரையில் இனிஷியல் முன்னால், இரண்டாவதில் பின்னால், மூன்றாவதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயர் முழுசாக. கணினியின் கண்ணில் மூன்று பேர். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலைக் கணவர் பெயருக்கு மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளருக்கு அதற்கு முந்தைய கட்டுரைகள் யாரோ ஒருத்தியுடையவை ஆகிவிடுகின்றன. 2012-ல் வந்த ‘ஆர்க்கிட்’ என்ற 16 இலக்க எண் இதற்குத்தான். இலவசம். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது.

பிஎச்.டி. சேரப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இரண்டு வேலை செய்யுங்கள். முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பு அந்த எண்ணை வாங்கிவிடுங்கள். ஆய்வு தொடங்கும்போதே, சோதனை முடிந்து வரைவு தயாரான பிறகு அல்ல, யார் பெயர் எங்கே வரும் என்று கைடிடம் மரியாதையாகக் கேளுங்கள். அவர் வாயால் சொன்னதை அன்று சாயங்காலமே ஒரு மின்னஞ்சலாக எழுதி அவருக்கே அனுப்பிவையுங்கள்.